ஜூன் 5 இல் மரம் நடாதீர்கள்: திருக்கோணமலைப் பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றம் படிப்பிக்கும் விதம்

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யோசனை சொல்லலாம். சில வருடங்களுக்கு முன் நான் படிப்பித்த ஒரு பள்ளியில் உலக சுற்றாடல் தினத்துக்கு 60 மரக்கன்றுகள் நட்டோம். பேனர் கட்டி, விருந்தினரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கன்றைப் பிடித்தபடி போட்டோ எடுத்து, குளிர்பானம் குடித்துக் கலைந்தோம். நாள் ஜூன் 5. திருக்கோணமலையில் ஜூன் எப்படி இருக்கும் என்று இங்கே ஒரு வருடம் இருந்தவருக்கே தெரியும்: கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும், கிணறு அடிமட்டத்துக்கு இறங்கும், மைதானத்துப் புல் வைக்கோலாகிவிடும். ஆகஸ்ட் விடுமுறை முடிந்து வந்து எண்ணிப் பார்த்தால் நாலு வேம்பு மிஞ்சியிருந்தது, அதுவும் கை கழுவுகிற பைப்புக்குப் பக்கத்தில் நின்ற புண்ணியத்தில். தரம் 8 பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், மாரி மழை தொடங்கினாப் பிறகு நட்டிருக்கலாம்தானே?"

நட்டிருக்கலாம். ஜூன் 5 என்பது 1972 இல் ஸ்டொக்ஹோமில் ஐ.நா. சுற்றாடல் மாநாடு தொடங்கிய நாள், அந்த ஊரில் அது நல்ல பருவமாக இருந்திருக்கும். காலநிலையைப் படிப்பிக்கப் போன நாங்கள் சொந்த ஊரின் காலநிலையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கீழே எழுதுவது அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட விதம். தரம் 7 முதல் 11 வரை சரிவரும். சின்னப் பிள்ளைகள் என்றால் கணக்கு வருகிற இடங்களைத் தள்ளிவிடுங்கள்.

கரும்பலகையில் ஒரு வட்டம்

முதல் பாடவேளையில் துருவக் கரடி வேண்டாம், உருகும் பனிமலை வேண்டாம். கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டுப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரியுங்கள். பிள்ளைகளை எழும்பி வந்து நிரப்பச் சொல்லுங்கள். மழை எப்போது, வாடை எப்போது, கச்சான் எப்போது, பெரும்போகத்துக்கு எப்போது விதைப்பார்கள், சிறுபோகத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பார்கள், எந்த மாதம் கடலுக்குப் போக முடியாது, நிலாவெளியில் வெளிநாட்டுக்காரர் எப்போது நிறைவார்கள், டெங்கு எப்போது கூடும். தம்பலகாமத்துப் பிள்ளைக்கு வயல் தெரியும், சல்லிப் பிள்ளைக்குக் கடல் தெரியும், கிண்ணியாப் பிள்ளைக்கு இரண்டும் தெரியும். அரை மணித்தியாலத்தில் வட்டம் நிறைந்துவிடும், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகூட இதில் ஏதாவது சொல்லும்.

வட்டம் நிறைந்ததும் ஒரு கேள்வி: இதில் எது இப்போது நேரத்துக்கு வருவதில்லை? பதிலை வகுப்பில் வாங்காதீர்கள், வீட்டுக்கு அனுப்புங்கள். அம்மம்மா, அப்பப்பா, வாப்பும்மா, பக்கத்து வீட்டுக் கரைவலைக்காரர், யாரிடமாவது மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வரட்டும்: உங்கள் சின்ன வயதில் முதல் மழை எந்த மாதம், கரை எவ்வளவு தூரத்தில் இருந்தது, அப்போது பிடிபட்டு இப்போது வராத மீன் எது.

வருகிற பதில்கள் சுவையாக இருக்கும், ஆனால் அப்படியே நம்பிவிட வேண்டாம். "எங்கட காலத்தில இப்பிடி வெயில் இல்ல" என்று எல்லாத் தலைமுறையும் சொல்லியிருக்கிறது. ஞாபகம் வேறு, அளவு வேறு என்று பிள்ளைகளுக்கு விளங்கவைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கரை பின்வாங்கியதற்கு மண் அள்ளியதும் கல் அணை போட்டதும்கூடக் காரணமாக இருக்கலாம், மீன் குறைந்ததற்கு டைனமைற்றும் தடைசெய்த வலையும் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் கட்டினால் பிள்ளைகள் படிப்பது அறிவியல் இல்லை.

வானிலைக்கும் காலநிலைக்கும் வித்தியாசம் சொல்ல வரைவிலக்கணம் எழுதிப்போட வேண்டியதில்லை. இன்றைக்கு மழை பெய்கிறதே, அது வானிலை. ஒக்டோபரில் மழை வரும் என்று நம்பி அப்பப்பா விதைநெல்லை எடுத்து வைத்தாரே, அந்த நம்பிக்கைக்கு அடியில் இருப்பது காலநிலை. முப்பது வருடச் சராசரி என்பதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் தப்பை எடுங்கள்

காலநிலை மாற்றம் என்றதும் மனதில் வருவதை எழுதச் சொன்னால் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் எழுதுவது சுனாமி. பிழை சொல்ல முடியாது, 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் ஒவ்வொரு குடும்பத்தின் கதையிலும் இருக்கிறது. ஆனால் சுனாமிக்குக் காரணம் சுமத்திரா அருகே கடலடியில் நடந்த பூமியதிர்ச்சி. வெப்பநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை மென்மையாகச் சொல்லுங்கள். கடல் மட்டம் உயர்ந்தால் அடுத்த சுனாமியோ புயலலையோ கொஞ்சம் கூடுதல் தூரம் உள்ளே வரும் என்பது மட்டும் உண்மை, அதையும் சொல்லிவிடலாம்.

இரண்டாவது கன்னியா. "சேர், பூமி சூடாகுதெண்டதாலதானே வெந்நீர் ஊத்து?" என்று கட்டாயம் ஒருவன் கேட்பான். இராவணன் தாயின் ஈமக்கிரியைக்காக நிலத்தில் குத்திய கதையை இன்னொருவன் சொல்வான், சொல்லட்டும், அது ஊரின் கதை. ஆனால் அந்தத் தண்ணீர் சூடாவது நிலத்துக்கு ஆழத்தில் உள்ள வெப்பத்தால். நாங்கள் பேசும் சூடு மேலேயிருந்து, வளிமண்டலத்தில் மாட்டிக்கொள்ளும் வெப்பம்.

மூன்றாவது ஓசோன் ஓட்டை. பெற்றோர், ஏன், ஆசிரியர்களே இதைக் கலந்துதான் பேசுகிறார்கள். ஓசோன் படை புறஊதாக் கதிரைத் தடுப்பது, அதைக் கெடுத்தது முக்கியமாகப் பழைய பிரிட்ஜ், ஸ்பிரே டின் வாயுக்கள். 1987 மொன்றியல் உடன்படிக்கையோடு உலகம் அவற்றை நிறுத்தத் தொடங்கியதால் அந்தப் படை இப்போது மெல்லத் தேறி வருகிறது. நாடுகள் சேர்ந்து ஒரு பிரச்சினையைச் சரிசெய்யத் தொடங்கின என்பதற்கு இது நல்ல உதாரணம், அதனால் திருத்திவிட்டு அப்படியே விட்டுவிடாமல் இந்தப் பக்கத்தையும் காட்டுங்கள்.

நாலாவது பொலித்தீன். சித்திரப் போட்டி வைத்தால் பத்தில் எட்டுப் படத்தில் பிளாஸ்டிக் போத்தல் மிதக்கும். பிளாஸ்டிக் தனிப் பிரச்சினை, மோசமான பிரச்சினை, ஆனால் பூமி சூடாவதற்கு முதற்காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பது.

ஒரு சுண்டு அரிசியும் மப்பு இரவும்

பச்சைவீட்டு விளைவை விளக்கப் புத்தகத்தில் கண்ணாடி வீட்டுப் படம் இருக்கும். எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் கண்ணாடி வீட்டைக் கண்டார்கள்? நான் கேட்பது இது: மாசி மாதத்தில் வானம் துப்புரவாக இருக்கும் இரவு குளிருமா, மப்பு மந்தாரமான இரவு குளிருமா? எல்லாருக்கும் தெரியும், மப்பு இரவில் புழுங்கும். பகலில் சூடான நிலம் இரவில் வெப்பத்தை மேலே விடுகிறது, முகிலும் நீராவியும் அதில் கொஞ்சத்தை மறித்துத் திருப்பி அனுப்புகின்றன. காபனீரொட்சைட்டும் அதைத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாமல், இரவு பகல் பாராமல், வருடம் முழுக்க. பழைய கண்டுபிடிப்பு இது. 1856 இல் அமெரிக்காவில் யூனிஸ் பூட் என்ற பெண், கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு உள்ள குழாய்தான் அதிகம் சூடாகிறது என்று எழுதினார். பெண்பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

அளவைக் காட்ட அரிசி. பத்தாயிரம் மணி என்பது ஏறக்குறைய ஒரு சுண்டு. நூறு மணி எண்ணி, அது கரண்டியில் எவ்வளவு என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளலாம், பிள்ளைகளே செய்வார்கள். வெள்ளை அரிசியில் மூன்று சிவப்பரிசி போட்டுக் கலக்குங்கள். தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு அவ்வளவுதான், பத்து இலட்சத்தில் 280 பங்கு. இன்னொரு மணி போடுங்கள். இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது. உடனே ஒருவன் சிரிப்பான்: "ஒரு மணிக்கா சேர் இவ்வளவு கதை?" அவனை ஏசாதீர்கள், சரியான கேள்வி. வாளித் தண்ணீரில் ஒரு துளி சொட்டு நீலம் விட்டுக் காட்டுங்கள். அப்புறம் சொல்லுங்கள், இந்தக் கூடுதல் மணியோடு பூமியின் சராசரி வெப்பநிலை 19 ஆம் நூற்றாண்டை விட 1 பாகைக்கு மேல் ஏறிவிட்டது, 2024 தனி வருடமாக 1.5 பாகையையும் தாண்டியது.

செலவில்லாத மூன்று பரிசோதனை

வினாகிரியும் அப்பச்சோடாவும் கலந்து காபனீரொட்சைட்டு உண்டாக்கி, இரண்டு போத்தலை வெயிலில் வைத்து வெப்பமானி பார்க்கும் பரிசோதனை எல்லா இடத்திலும் இருக்கிறது. நான் செய்து பார்த்தேன். ஒரு நாள் சரிவரும், மறுநாள் தலைகீழாக வரும், வெப்பமானி நிழலில் சாய்ந்தாலே கணக்குப் பிழைக்கும். விட்டுவிடுங்கள். கீழே உள்ளவை ஏமாற்றாது.

கடல் ஏன் உயர்கிறது என்பதற்குச் சின்னக் கண்ணாடிப் போத்தல் ஒன்றில் நிறத்தண்ணீர் விளிம்பு வரை நிரப்பி, மூடியில் துளை போட்டு வெற்றுப் பேனைக் குழாயைச் செருகி, களிமண்ணாலோ மெழுகாலோ அடைத்து, தண்ணீர் குழாயில் நிற்கும் இடத்தைப் பேனையால் குறியுங்கள். சுடுதண்ணீர்ச் சட்டியில் வைத்தால் குழாயில் தண்ணீர் ஏறும். தண்ணீர் கூடவில்லை, விரிந்தது. கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் 90 வீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது என்று அப்போது சொன்னால், பிள்ளைகள் குழாயைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்தது ஐஸ். இரண்டு ஒரே அளவு கோப்பை, இரண்டிலும் ஒரு கல், தண்ணீர் ஒரே மட்டம். ஒன்றில் ஐஸைத் தண்ணீரில் மிதக்க விட்டு மட்டத்தைக் குறியுங்கள், மற்றதில் ஐஸைக் கல்லின் மேல் தண்ணீருக்கு வெளியே வைத்துக் குறியுங்கள். எது உயரும் என்று முதலில் பந்தயம் கட்டவிடுங்கள். மிதந்த ஐஸ் உருகினால் மட்டம் மாறாது, கல்மேல் இருந்தது உருகினால் ஏறும். நிலத்தின்மேல் பனி கிடக்கும் கிறீன்லாந்து ஏன் கவலை, மிதக்கும் ஆர்க்டிக் கடல்பனி ஏன் அந்தக் கவலை இல்லை என்பது ஒரு கோப்பையில் முடிந்தது.

இந்த இடத்தில் கட்டாயம் வரும் கேள்வி: "கோணேசர் கோயில் மூழ்குமா?" மூழ்காது, சுவாமிமலை அந்த உயரத்தில் நிற்கிறது. 1900 இலிருந்து கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் அளவுதான் ஏறியிருக்கிறது. ஆனால் எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை, அதற்குள் 20 சென்ரிமீற்றர் என்பது சின்ன விஷயமில்லை. கவலை மலைக்கு இல்லை. களப்போரத்து வீடுகளுக்கும் கரையோரத்துக் கிணறுகளுக்கும்தான், கிணறு உவராகிவிட்டால் வீடு இருந்தும் குடியிருக்க முடியாது.

மூன்றாவது சிப்பி. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை வினாகிரியில் போட்டால் நுரைக்கும், நாலைந்து நாளில் மெலியும். கடல் காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் அதன் அமிலத்தன்மை கூடுகிறது, வினாகிரி அளவுக்கு இல்லை, ஆனால் ஓடு கட்டும் உயிர்களுக்குச் சிரமம் தரும் அளவுக்கு. வெண்கட்டியைப் போட்டுப் பார்க்காதீர்கள், இப்போது வரும் வெண்கட்டி பெரும்பாலும் ஜிப்சம், நுரைக்கவே மாட்டாது. நான் முழு வகுப்புக்கு முன்னால் வெண்கட்டியைப் போட்டுவிட்டு நின்றவன்.

சிப்பியிலிருந்து நேரே நிலாவெளிக்கு எதிரே உள்ள பவளத் தீவான புறாமலைக்குப் போகலாம், பாடத்தில்தான் சொல்கிறேன், படகில் ஏற்ற வேண்டியதில்லை. 2003 இலிருந்து அது தேசியப் பூங்கா. வழமையான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் தன்னோடு வாழும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகும். 1998 இல் ஹிக்கடுவைப் பக்கத்துப் பவளப்பாறைகள் அப்படிப் பெரும் அழிவைக் கண்டபோது திருக்கோணமலைப் பவளங்கள் பெரிய அளவில் தப்பின. தப்பியதைக் காப்பாற்றுவதில் எங்களுக்கும் பங்கு உண்டு. போகிற பிள்ளை தண்ணீருக்குள் பவளத்தில் காலூன்றக் கூடாது, உடைந்த துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

வெள்ளம் கண்ட பிள்ளைக்கு முன்னால்

2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் எங்கள் மாவட்டத்தின் வடக்கே, குச்சவெளி–திரியாய்ப் பக்கமாகக் கரை கடந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், மலைநாட்டில் கொட்டிய மழை மகாவலியால் இறங்கி வந்து மூதூர், வெருகல் பக்கத்தை மூழ்கடித்தது. வரைபடத்தை விரித்து மகாவலியை மேலிருந்து கொட்டியாரக்குடா வரை விரலால் இழுத்துக் காட்டுங்கள். கண்டியில் பெய்த மழை எங்கள் வாசலுக்கு வருகிறது என்பதை எந்தப் பந்தியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

ஆனால் கவனம். புயலைக் காலநிலை மாற்றம் உண்டாக்கியது என்று சொல்லக் கூடாது, 1964 டிசம்பரிலும் பெரும் புயல் இந்தப் பக்கத்தை அடித்தது. சொல்லக்கூடியது: காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், ஆகவே அதே புயல் வந்தாலும் கொட்டுகிற மழை கூடும். இன்னொன்று, வீட்டுக்குள் தண்ணீர் வந்து முகாமில் இருந்த பிள்ளை அந்த வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளையை எழுப்பி "உன்ர அனுபவத்தைச் சொல்லு" என்று கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள். வெள்ள வீடியோ போடாதீர்கள். அதற்குப் பதிலாக வேலை கொடுங்கள்: ஊர்ப் படம் வரைந்து தண்ணீர் முதலில் எங்கே வரும், எந்த வீதி மூடும், மேட்டுநிலம் எங்கே, முச்சக்கரவண்டி யாரிடம் இருக்கிறது, நடக்க முடியாத முதியவர் எந்த வீட்டில் என்று குறிக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ மூலையில் எழுதச் சொல்லுங்கள். படத்தின் ஒரு பிரதி கிராம உத்தியோகத்தரிடம் போகட்டும். பயந்த பிள்ளைக்குப் பேச்சைவிடக் கையில் வேலை இருப்பது நல்லது.

சரி, என்ன செய்யலாம்?

"நாங்கள் என்ன செய்து என்ன, அமெரிக்காவும் சீனாவும்தானே புகை விடுது?" தரம் 10 க்கு மேலே இந்தக் கேள்வி வந்தே தீரும், மழுப்பாதீர்கள். இலங்கையில் ஆளுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 1 தொன் காபனீரொட்சைட்டு, உலகச் சராசரி 4 தொன்னுக்கு மேல், அமெரிக்காவில் ஏறத்தாழ அதன் மூன்று மடங்கு. எனவே லைட்டை அணைக்காத குற்றத்துக்காகக் கிண்ணியாப் பிள்ளையின் தலையில் உலகத்தை ஏற்ற வேண்டாம். இங்கே எங்கள் வேலை பெரும்பகுதி வருவதைத் தாங்கத் தயாராவது, அளப்பது, கேள்வி கேட்பது.

அளப்பதற்கு மழைமானி. ஒன்றரை லீற்றர் நேரான சோடாப் போத்தலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்து உள்ளே புனல்போல் வையுங்கள், அடியில் சின்னக் கல் போட்டு நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் விடுங்கள், அந்த மட்டம் பூச்சியம், பக்கத்தில் அடிமட்டம் (ரூலர்) ஒன்றை ஒட்டுங்கள். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வைக்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் வாசிக்கும் நேரமான காலை 8.30 க்கு வாசித்தால் அவர்களின் அளவோடு ஒப்பிடலாம், அது பாடவேளைக்குள் வருவதும் வசதி. சனி ஞாயிறு பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்க்கட்டும். ஒரு வருடம் விடாமல் எழுதுங்கள். மூன்று வருடம் எழுதிய கொப்பி ஒன்று உங்கள் பள்ளியில் இருந்தால், வருகிற போகிற எந்தத் திட்டக்காரரின் பேனரையும்விட அதற்கு மதிப்பு.

ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர். வகுப்பறைக் கட்டடத்தின் கூரை 20 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம் என்றால் 50 மில்லிமீற்றர் மழைக்கு 8,000 லீற்றர். பிள்ளைகளையே அளந்து பெருக்கச் சொல்லி, அந்தத் தாளோடு அதிபரிடம் போய்ப் பீலியும் தாங்கியும் கேளுங்கள். ஆசிரியர் கேட்டால் "பார்ப்போம்" என்பவர்கள், பிள்ளைகள் கணக்கோடு வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட வேண்டும், தாங்கி வாய்க்கு வலை கட்டாயம், இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்குப் பண்ணை வைத்த கதையாகிவிடும்.

மின்சாரப் பில் வேலை செய்வதென்றால் பணத்தை விட்டு யூனிட்டை மட்டும் பாருங்கள், வீட்டுக்கு வீடு ஒப்பிடாமல் அதே வீட்டின் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு வெட்கம் வரும் இடம் இது. பழைய 60 வாற் குமிழை 9 வாற் எல்ஈடியாக மாற்றி, இரவில் 5 மணித்தியாலம் எரித்தால் மாதம் 7 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

மூத்த வகுப்புக்குச் சம்பூர் இருக்கிறது. அங்கே 500 மெகாவாற் அனல்மின் நிலையம் வரவிருந்தது, எதிர்ப்புகளுக்குப் பிறகு 2016 இல் கைவிடப்பட்டது. இப்போது 120 மெகாவாற் சூரியமின் திட்டம், 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள். மின்சாரம் யாருக்கு, நிலம் யாருடையது, மாடு எங்கே மேயும், இரவில் வெயில் இல்லாவிட்டால் என்ன செய்வது. ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

கண்டல் நடப் போகிறோம் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது 9 இடங்களில் ஒன்றுகூடப் பிழைத்திருக்கவில்லை. பிழையான இடம், பிழையான இனம், நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதது. ஏற்கெனவே கண்டல் நிற்கும் களப்போரத்தில் குப்பை கொட்டாமலும் வெட்டாமலும் பார்த்துக்கொண்டால் அது தானாகப் பரவும், பிள்ளைகள் அதைக் கணக்கெடுத்தாலே போதும்.

மரம் நடுவதென்றால் ஒக்டோபர் கடைசியில், நிலம் இரண்டு மழை குடித்த பிறகு. வேம்பு, புங்கை, பூவரசு, நாவல். அறுபது வேண்டாம், பன்னிரண்டு போதும், வகுப்புக்கு ஒன்று. ஜூன் 5 க்கு விழா எடுத்தே ஆகவேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால் அன்றைக்கு நடாமல் ஒக்டோபரில் நட்டவற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடாக்குப் போடுங்கள், போட்டோவுக்கு அதுவும் அழகாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் இடாப்பு வைத்துத் திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் போலவே வரவு குறியுங்கள், பட்டுப்போனால் காரணம் எழுத வேண்டும். எங்கள் இடாப்பில் முதல் வருடம் எழுதப்பட்ட மூன்று காரணங்கள்: ஆடு, கிரிக்கெட் பந்து, மான். நகருக்குள் இருக்கும் பள்ளி என்றால் கடைசியாகச் சொன்னவருக்காக வேலியை ஆளுயரத்துக்குக் கட்டுங்கள், இடுப்புயர வேலி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.